ஆர்சி கார் ஆயில் ஷாக்: சத்தம், லீக், துள்ளல் – எது எதனால வருது, எப்படி சரி பண்றது

ஆர்சி (ரிமோட்ல ஓடற) கார் குதிச்சுக்கிட்டே ஓடுதுன்னா நம்ம ஆளுங்க கேக்கற முதல் கேள்வி "எத்தனை வெயிட் ஆயில் ஊத்தணும்"ங்கறதுதான். வெயிட்னா ஆயில் எவ்வளவு கெட்டிங்கறதுக்கு போடற நம்பர், அத கடைசியா பாத்துக்கலாம். ஷாக்ல, அதாவது ஷாக் அப்சார்பர்ல, வர்ற பிரச்சனை பாதிக்கு மேல ஆயில் கெட்டியா தண்ணியாங்கறதுல இல்லவே இல்ல. உள்ள காத்து நின்னிருக்கும், இல்ல எங்கயாவது உரசும், இல்ல இடதும் வலதும் ஒரே மாதிரி அடைச்சிருக்க மாட்டாங்க. இந்த மூணையும் பாக்காம பாட்டில் மேல பாட்டிலா வாங்கி ஊத்தினா காசுதான் போகும், கார் அப்படியேதான் இருக்கும்.

இங்க சொல்றதெல்லாம் 1/10 அளவு (நிஜ வண்டில பத்துல ஒரு பங்கு) பக்கி, அதாவது மண்ணுல ஓட்ற கார், ட்ரக்ல வர்ற ப்ளாடர் ஷாக் பத்தி, அதாவது மேல் மூடிக்குள்ள ஒரு சின்ன ரப்பர் கிண்ணம் உக்காந்திருக்குமே அந்த வகை. தமியா கம்பெனியோட சிவிஏ ஷாக் மாதிரி பிளாஸ்டிக்கா இருந்தாலும் சரி, டீம் அசோசியேட்டட் கம்பெனி பக்கில வர்ற மாதிரி திரெட் போட்ட அலுமினியமா இருந்தாலும் சரி, உள்ள நடக்கற வேலை ஒண்ணுதான். 1/8 காரோட 16 மிமீ ஷாக்குக்கும் இதேதான், சைஸ்தான் பெருசு. தமியாவோட டிடி-02 (TT-02) சாதா கிட் கூட வர்றது ஃப்ரிக்‌ஷன் டாம்பர், அதுல ஆயிலே கிடையாது, அத வச்சுக்கிட்டு ப்ளீட் பண்ண (காத்த வெளிய விட) ஸ்க்ரூ எங்கன்னு தேடாதீங்க.

முதல்ல கையில எடுத்துப் பாருங்க

ஷாக்க கார்ல இருந்து கழட்டி ஸ்பிரிங்க எடுத்துடுங்க. ஸ்பிரிங்கோட அமுக்கிப் பாத்துட்டு "நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்றதுல பிரயோஜனமே இல்ல, ஸ்பிரிங் எல்லாத்தையும் மறைச்சுடும். இப்ப ஷாஃப்ட்ட, அதாவது கீழ நீட்டிக்கிட்டிருக்கற கம்பிய, மெதுவா முழுசா உள்ள தள்ளுங்க, காதுகிட்ட வச்சு தள்ளுங்க. சத்தம் வருதா, நடுவுல எங்கயாவது தடங்கல் இருக்கா, கடைசி வரைக்கும் போகுதான்னு பாருங்க. அப்புறம் கைய விடுங்க, எவ்வளவு தூரம் தானா வெளிய வருது? அதுதான் ரீபவுண்ட். அப்புறம் முழுசா வெளிய இழுத்து விடுங்க, தானா உள்ள போகுதா?

கடைசியா ஜோடி டெஸ்ட். முன்னாடி ரெண்டு ஷாக்கையும் எடுத்து ஷாஃப்ட் முனையோட முனைய முட்ட வச்சு ரெண்டு கையாலயும் ஒரே சீரா அழுத்துங்க. ரெண்டும் சமமா உள்ள போச்சுன்னா சரி. ஒண்ணு முதல்ல போயி இன்னொண்ணு பின்னாடி போச்சுன்னா ரெண்டும் ஜோடி இல்ல. இத மெதுவா ஒரு தடவ, வேகமா ஒரு தடவ பண்ணுங்க. மெதுவா தள்ளும்போது வித்தியாசம் தெரிஞ்சா பெரும்பாலும் உரசலோ ரீபவுண்டோதான், வேகமா தள்ளும்போது மட்டும் தெரிஞ்சா ஆயிலோ பிஸ்டனோ (ஷாஃப்ட்டோட உள்முனையில இருக்கற ஓட்டை போட்ட சின்னத் தட்டு) வேற வேறயா இருக்கு. இந்த ஒரு டெஸ்ட்லயே பாதி விஷயம் வெளிய வந்துடும்.

தள்ளும்போது சொதசொதன்னு சத்தம்

காத்து. வேற எதுவும் இல்ல. பிஸ்டன் ஓட்டை வழியா ஆயில் போகவேண்டிய இடத்துல பபிள் போகுது, காத்துக்கு எதிர்ப்பே கிடையாதே, அதனால அந்த ரெண்டு மூணு மிமீ தூரம் ஷாக் வேலையே செய்யாது, அப்புறம் திடீர்னு பிடிக்கும். ஓடும்போது இதுதான் கார் சின்னச் சின்ன மேட்டுல நடுங்கற மாதிரி தெரியும்.

ஒரு விதிவிலக்கு இருக்கு. எமல்ஷன் ஷாக்னு ஒரு வகை, அதுல ப்ளாடரே கிடையாது, கொஞ்சம் காத்து ஆயிலோட கலந்தே இருக்கற மாதிரிதான் டிசைன். அதுல முதல் சில தடவ அமுக்கும்போது சத்தம் வரத்தான் செய்யும், காத்தும் ஆயிலும் நல்லா கலந்தப்புறம் சீராயிடும். மூடி மேல குட்டியா ஒரு ஸ்க்ரூ இருந்து உள்ள ரப்பர் கிண்ணம் இல்லன்னா உங்களுது அதுதான், அத சத்தத்த வச்சு எடை போடாதீங்க.

இப்ப ப்ளாடர் ஷாக்க ஏன் இவ்வளவு கவனமா அடைக்கணும்னு ஒரு சின்ன கணக்கு. ஷாஃப்ட் 3 மிமீ தடிமன், 25 மிமீ உள்ள போகுதுன்னு வைங்க, அது பாடிக்குள்ள பிடிக்கற இடம் சுமார் 177 கன மிமீ, அதாவது 0.18 மில்லி. சில சொட்டுதான். ஆனா ஆயில அமுக்கி சின்னதாக்க முடியாது, அந்த சில சொட்டுக்கு எங்கயாவது போக்கிடம் வேணும். அந்த இடத்த தர்றதுதான் ப்ளாடரோட வேலை, ஷாஃப்ட் உள்ள வரும்போது அது மேல மடங்கிக் குடுக்கும், வெளிய போகும்போது திரும்ப இறங்கும். ஆயில் கூடினா ப்ளாடருக்கு மடங்க இடமில்ல, குறைஞ்சா அந்த இடத்துல காத்து வந்து உக்காரும். மொத்த விளையாட்டே இந்த 0.18 மில்லிக்குள்ளதான் நடக்குது, ஒண்ணு ரெண்டு சொட்டு கூடுனாலோ குறைஞ்சாலோ கையில தெரியறதுக்கு இதுதான் காரணம்.

திரும்ப அடைக்கறது இப்படி. பழைய ஆயில கொட்டிட்டு பாடி உள்ள டிஷ்யூ விட்டு துடைங்க, டிஷ்யூ நூல் நூலா உள்ள ஒட்டிக்காம பாத்துக்கங்க, பழைய பனியன் துணி இன்னும் நல்லது. ஷாஃப்ட்ட முழுசா கீழ இழுத்து பிஸ்டன் அடியில இருக்கற மாதிரி வச்சு, ஷாக்க நேரா நிக்க வைங்க. ஷாக் ஸ்டாண்டு இல்லன்னா ஒரு தெர்மாகோல் துண்டுல ஓட்டை போட்டு சொருகினாலே போதும். ஆயில பாடியோட உள்சுவர் ஓரமா வழிய விட்டு முக்கால்வாசி ஊத்துங்க, நடுவுல மேல இருந்து ஊத்துனா அதுவே பபிள உண்டாக்கும்.

இப்ப பிஸ்டன மெதுவா மேல கீழ அசைங்க. மெதுவான்னா உண்மையிலயே மெதுவா, ஒரு தடவ மேல போயி கீழ வர நாலஞ்சு செகண்ட் ஆகட்டும். பிஸ்டன் ஆயில் மட்டத்துக்கு மேல தலைய காட்டவே கூடாது, காட்டுச்சுன்னா இறங்கும்போது காத்தையும் சேத்து கீழ இழுத்துட்டுப் போயிடும், அப்புறம் முதல்ல இருந்துதான். பிஸ்டனுக்கு அடியில ஒட்டிக்கிட்டிருக்கற பபிள்தான் ரொம்ப அடம் பிடிக்கும், ஷாஃப்ட்ட விரல்ல கொஞ்சம் சுத்தி விட்டு, பாடிய ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால லேசா தட்டுனா ஓட்டை வழியா ஒண்ணொண்ணா மேல வரும். பிஸ்டன கீழ விட்டுட்டு ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. தண்ணியான ஆயில்னா பத்து நிமிஷம் போதும், கெட்டி ஆயில்னா இன்னும் நேரம் குடுங்க. வேக்கம் பம்ப் வச்சிருக்கறவங்க வேலை சீக்கிரம் முடியும், ஆனா அது இல்லாம நல்லா அடைக்க முடியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பொறுமைதான் இல்ல நிறைய பேருக்கு.

பபிள் எல்லாம் போனப்புறம் விளிம்பு வரைக்கும் ஊத்துங்க, ஆயில் லேசா மேல உப்பி நிக்கணும். ப்ளாடர்ல ஒரு சொட்டு தடவிட்டு, ஒரு ஓரத்த முதல்ல வச்சு அப்படியே சாய்ச்சு படுக்க வைங்க, மிச்ச ஆயில் எதிர்ப்பக்கம் வழியட்டும். தட்டையா மேல இருந்து வச்சீங்கன்னா அடியில காத்து மாட்டும். மூடிய ரெண்டு மூணு சுத்து மட்டும் போட்டு நிறுத்திக்கங்க. இப்ப ஷாஃப்ட்ட மெதுவா உள்ள தள்ளினா திரெட் ஓரமா ஆயில் கசியும், அதுதான் நமக்கு வேணும். எவ்வளவு உள்ள தள்ளி வச்சிருக்கும்போது மூடிய இறுக்கறீங்களோ அத பொறுத்துதான் ரீபவுண்ட். முழுசா உள்ள தள்ளி இறுக்கினா ரீபவுண்ட் ரொம்பக் கம்மி, பாதியில வச்சு இறுக்கினா நடுத்தரம். முழுசா வெளிய இருக்கும்போதே இறுக்கினா அடுத்த பிரச்சனைக்கு நேரா போயிடுவீங்க.

கடைசி நாலஞ்சு மிமீ உள்ளயே போக மாட்டேங்குது

வாய அடைச்ச சிரிஞ்ச் மாதிரி ஒரு இடத்துல கல்லா நிக்கும். ஆயில் ஜாஸ்தி. ப்ளாடர் மடங்க வேண்டியதெல்லாம் மடங்கிடுச்சு, இனிமே இடமில்ல. இத இப்படியே கார்ல மாட்டி ஒரு ஜம்ப் போட்டா அந்த அழுத்தம் எங்கயாவது வெளிய வந்தே தீரும், ப்ளாடர் கிழியும், இல்ல கீழ் ஓ-ரிங்க (ஷாஃப்ட்ட சுத்தி ஆயில் கசியாம பிடிக்கற ரப்பர் வளையம்) தள்ளிக்கிட்டு ஆயில் வரும், பிளாஸ்டிக் மூடின்னா திரெட்டோட பிச்சுக்கிட்டு போயிடும். மூடி பறந்து போச்சுன்னா "பிளாஸ்டிக் மட்டம், அலுமினிய மூடி வாங்கணும்"னு கடைக்கு போறதுக்கு முன்னாடி இத செக் பண்ணுங்க.

சரி பண்றது சுலபம். மூடிய ரெண்டு சுத்து லூஸ் பண்ணி, ஷாஃப்ட்ட முழுசா உள்ள தள்ளி, வழியறத துடைச்சிட்டு, உள்ள தள்ளிப் பிடிச்சபடியே இறுக்குங்க. ஆனா அதுக்கு முன்னாடி நிக்கறது ஆயில்தானான்னு உறுதி பண்ணிக்கங்க. சில சமயம் கீழ இருக்கற ராட் எண்ட் (ஷாஃப்ட் நுனியில முறுக்கி மாட்டற முனை) பாடியோட அடில போயி முட்டும், அது ஷாக்கோட முழு பயணமே அவ்வளவுதான்னு அர்த்தம், கோளாறு இல்ல. முட்டறது டக்குனு நிக்கும், ஆயில் நிக்கறது அமுக்க அமுக்க கொஞ்சம் கொஞ்சமா இறுகிக்கிட்டே வந்து நிக்கும், விட்டா திருப்பி வெளிய தள்ளும்.

விட்டவுடனே தானா வெளிய வருது, இல்லன்னா தானா உள்ள போகுது

ரீபவுண்ட் இருக்கறதே தப்பு கிடையாது. கொஞ்சம் வர்ற மாதிரி வச்சு ஓட்றவங்க உண்டு, சுத்தமா வராத மாதிரி வச்சு ஓட்றவங்களும் உண்டு. தப்பு எதுன்னா இடது வெளிய வர்றதும் வலது அப்படியே கிடக்கறதும். அப்ப கார் ஒரு பக்கம் திரும்பும்போது ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் வேற மாதிரி நடந்துக்கும், நீங்க ரிமோட்ல இருக்கற ஸ்டீரிங் ட்ரிம்ம போட்டு குடைஞ்சுக்கிட்டு இருப்பீங்க. முதல் தடவ அடைக்கறவங்களுக்கு என் சிபாரிசு, நாலையும் ஷாஃப்ட் முழுசா உள்ள இருக்கும்போது இறுக்குங்க. நாலையும் ஒரே மாதிரி கொண்டு வர்றதுக்கு அதவிட சுலபமான வழி இல்ல.

இழுத்து விட்டா தானா உள்ள போகுதுன்னா உள்ள ஆயில் குறைவு, ஷாஃப்ட் வெளிய வரும்போது உள்ள வெற்றிடமாகி திருப்பி இழுக்குது. ஒண்ணு ரெண்டு சொட்டு சேத்து திரும்ப மூடுங்க.

சில மூடியில உச்சில ஊசி நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். ப்ளாடருக்கு மேல மாட்டற காத்து அது வழியா போயி வரும், அதனால அந்தக் காத்து ஸ்பிரிங்கா வேலை செய்யாது, ரீபவுண்ட் கம்மியா இருக்கும். அந்த ஓட்டை மண்ணால அடைச்சுக்கிட்டா நேத்து வரைக்கும் ஜோடியா இருந்த ஷாக் இன்னிக்கு ஒண்ணு மட்டும் திருப்பித் தள்ளும். ஒரு ஊசி போதும் சரி பண்ண, ஆனா மூடிய கழட்டி ப்ளாடர எடுத்துட்டு குத்துங்க. மாட்டுனபடியே குத்துனா ப்ளாடர்ல ஓட்டை விழும். அந்த ஓட்டை வழியா ஆயில் வருதுன்னா ப்ளாடர் ஏற்கனவே கிழிஞ்சாச்சு, மாத்துங்க.

கீழ ஷாஃப்ட் பக்கம் லீக்

இதுதான் அதிகம் பாக்கற கம்ப்ளைன்ட், இதுலதான் அதிகம் பேர் தப்பான பார்ட்ட மாத்தறாங்க. ஷாஃப்ட்ல ஒரு மெல்லிசா ஆயில் பூச்சு இருக்கறது இயல்பு, ஓ-ரிங் வழுக்கி ஓடணும்னா அது இருந்தே ஆகணும். ஓட்டிட்டு வந்தப்புறம் ராட் எண்ட்டு மேல களிமண்ணா புழுதி ஒட்டி, விரல் வச்சா வழவழன்னு நனைஞ்சிருந்தா அதுதான் லீக்.

ஓ-ரிங்க மாத்தறதுக்கு முன்னாடி ஷாஃப்ட்ட பாருங்க. முழுசா வெளிய இழுத்து, வெளிச்சத்துல மெதுவா சுத்தி, விரல் நகத்த நீளவாக்குல ஓட்டுங்க. நகம் எங்கயாவது தட்டுச்சுன்னா அங்க கீறல் இருக்கு. இந்தக் கீறல் எங்க இருந்து வரும் தெரியுமா, ராட் எண்ட்ட முறுக்கி மாட்டும்போது ஷாஃப்ட்ட வெறும் பிளையரால பிடிக்கறதுல இருந்து. பிளையர் பல் தடம் கண்ணுக்கு தெரியாத அளவுக்கு இருந்தாக்கூட ஒவ்வொரு தடவ உள்ள போயி வரும்போதும் ஓ-ரிங்க சீவிக்கிட்டே இருக்கும். நீங்க புது ஓ-ரிங் போடுவீங்க, ரெண்டு பேட்டரி ஓடும், திரும்ப லீக், "டூப்ளிகேட் ஓ-ரிங் குடுத்துட்டான்"னு கடைக்காரர திட்டுவீங்க. பழைய சைக்கிள் ட்யூப் துண்டு ரெண்டு மடிப்பா சுத்தி பிடிங்க, இல்லன்னா ஷாஃப்ட் பிளையர்னு தனியா விக்குது, அளவுக்கு பள்ளம் போட்டது. கீறல் விழுந்த ஷாஃப்ட்ட உப்புத்தாள் போட்டு தேய்க்கறது வேலைக்கு ஆகாது, சைஸ் குறைஞ்சு இன்னும் லீக் ஆகும்.

கீறல் இல்லன்னா வளைவு பாருங்க. ஷாஃப்ட்ட தனியா கழட்டி ஒரு கண்ணாடி மேல உருட்டுங்க, அடியில வெளிச்சம் எட்டி எட்டி பாத்துச்சுன்னா வளைஞ்சிருக்கு. அதையும் தட்டி நிமித்த வேணாம், மாத்திடுங்க.

ரெண்டுமே நல்லா இருந்தாத்தான் ஓ-ரிங். ஷாஃப்ட் முனையில இருக்கற திரெட் ஒரு பிளேடு மாதிரிதான், மாட்டும்போது அதுவே ஓ-ரிங் உள்பக்கத்த கிழிச்சுடும், அதனால திரெட் மேல தாராளமா ஆயில் தடவி, நேரா குத்தாம சுத்திக்கிட்டே நுழைங்க. ஓ-ரிங்குக்கு அசோசியேட்டட் க்ரீன் ஸ்லைம் மாதிரி ஒரு லூப்ரிகன்ட் தடவினா நல்லது, லீக்கும் குறையும், வழுக்கலும் கூடும். ரெண்டு ஓ-ரிங்குக்கு நடுவுல ஸ்பேசர் வர்ற டிசைன்னா வரிசைய மாத்திப் போட்டுடாதீங்க. கீழ் மூடிய கையால டைட் பண்ணா போதும், லீக் நிக்கலயேன்னு பிளையர் போட்டு முறுக்குனா ஓ-ரிங் பிதுங்கி ஷாஃப்ட்ட கெட்டியா பிடிச்சுக்கும்.

இன்னொரு காரணம் ஆயிலே தப்பு. பைக் ஃபோர்க் ஆயில், தையல் மெஷின் ஆயில், எஞ்சின் ஆயில் எல்லாம் பெட்ரோலியத்துல இருந்து வர்றது, ஆர்சி ஷாக்ல வர்ற சிலிக்கான் ரப்பர் சீல் அதுல ஊறி உப்பிடும். முதல்ல ஷாஃப்ட் இறுகும், அப்புறம் ரப்பர் மெத்துன்னு ஆகி லீக் ஆகும். ஷாக்குக்கு சிலிக்கான் ஆயில் மட்டும்தான். தேங்காய் எண்ணெய் ஊத்தலாமான்னு கேக்கறவங்களுக்கு: அது 24 டிகிரி பக்கம் வந்தாலே உறைய ஆரம்பிக்கும், மார்கழி காலையில உங்க கார் பலகை மாதிரி நிக்கும்.

மேல மூடி பக்கம் லீக்

இது சின்ன விஷயம். அடைச்ச அன்னிக்கு லேசா நனைஞ்சிருந்தா அது திரெட்ல தங்கியிருந்த பழைய வழிச்சல்தான், துடைச்சிட்டு ஒரு ராத்திரி டிஷ்யூ மேல படுக்க போடுங்க. காலையில டிஷ்யூல கறை இருந்தா திறந்து பாருங்க, ப்ளாடர் விளிம்பு ஒரு பக்கம் மடிஞ்சு உக்காந்திருக்கும், இல்ல மூடி திரெட் கோணலா ஏறியிருக்கும். கோணலா ஏறாம இருக்க மூடிய முதல்ல எதிர்ப்பக்கமா சுத்துங்க, ஒரு இடத்துல டிக்குனு இறங்கும், அங்க இருந்து சரியான பக்கம் சுத்துங்க.

ஷாஃப்ட் கனமா ஓடுது, பிசுபிசுன்னு பிடிக்குது

ஸ்பிரிங் மாட்டி கார்ல இருக்கும்போது இது எப்படி தெரியும்னா, கார மேல இருந்து அமுக்கி விட்டா ஒரு உயரத்துல நிக்கும், தூக்கி விட்டா இன்னொரு உயரத்துல நிக்கும். நிறைய பேர் இத "ஆயில் கெட்டி"ன்னு நினைச்சு தண்ணியான ஆயில் ஊத்தறாங்க. ஆயில் எவ்வளவு கெட்டியா இருந்தாலும் மெதுவா வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேரும், நடுவழியில நிக்காது. நடுவழியில நின்னா அது உரசல்.

எங்க உரசுதுன்னு கண்டுபிடிக்க ஆயில் இல்லாம பாருங்க. காலி பாடில பிஸ்டனோட ஷாஃப்ட்ட போட்டு அசைச்சுப் பாத்து, அப்புறம் பிஸ்டன கழட்டிட்டு வெறும் ஷாஃப்ட்ட ஓ-ரிங் வழியா ஓட்டிப் பாருங்க. வெறும் ஷாஃப்ட் சுலபமா ஓடி பிஸ்டனோட பிடிச்சா தப்பு பிஸ்டன்ல இருக்கு. மோல்டுல இருந்து வெட்டி எடுத்த இடத்துல ஓரமா ஒரு சின்ன முளை நிக்கும், அது பாடிய சுரண்டும். புது பிளேடால அந்த முளைய மட்டும் சீவி, 1000 நம்பர் தாள்ல ஒரு தடவ தொட்டு எடுங்க, சுத்தி தேய்ச்சு மொத்த பிஸ்டனையும் சின்னதாக்கிடாதீங்க. அப்புறம் ஓரமா ஆயில் நழுவி ஓடும், ஓட்டை சைஸுக்கே அர்த்தமில்லாம போயிடும்.

வெறும் ஷாஃப்ட்டே பிடிச்சா ஓ-ரிங் உப்பியிருக்கு, இல்ல கீழ் மூடி ஓவர் டைட். ரெண்டும் இல்லாம கையில நல்லா ஓடி, கார்ல மாட்டுனா மட்டும் பிடிக்குதா? அப்ப ஷாக்க விட்டுடுங்க, மேல போல்ட்டையும் கீழ பால் எண்டையும் பாருங்க. பால் எண்ட் உருண்டை மேல தன்னால தொங்கி ஆடணும். ஆடலன்னா ஷாக் கோணலா இழுபடும், அந்த கோணல்ல ஷாஃப்ட்டும் சாயும்.

டொக்கு டொக்குனு ஆட்டம்

திசை மாத்தும்போது மட்டும் ஒரு சின்ன டொக் கேட்டா பிஸ்டன் ஷாஃப்ட்ல லூஸ். ஈ-கிளிப் (E வடிவ கிளிப்) ரெண்டு போட்டு நடுவுல பிஸ்டன் நிக்கற மாடல்ல இந்த ஆட்டம் கொஞ்சம் இருக்கும், மெல்லிசா ஒரு ஷிம் (வாஷர்) போட்டா போயிடும். நட் போட்டு இறுக்கற மாடல்ல நட் கழண்டுக்கிட்டு வருதுன்னு அர்த்தம், உடனே பாருங்க, உள்ள விழுந்தா பாடிய சுரண்டிடும். ஈ-கிளிப் கழட்டும்போது ஷாக்க ஒரு பாலிதீன் கவருக்குள்ள வச்சு கழட்டுங்க, பறந்து போனா கிடைக்காது.

முதல் சில நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் தொளதொளன்னு ஆயிடுது

ஓடி முடிச்சு உடனே ஷாக்க காதுகிட்ட வச்சு அமுக்குங்க. சொதசொத சத்தம் வந்தா எங்கயோ இருந்து காத்து உள்ள போகுது, அது பெரும்பாலும் கீழ் ஓ-ரிங் வழியாத்தான், ஆயில் வெளிய வர்ற வழில காத்தும் உள்ள வரும். சத்தமே இல்லன்னா சூடு. அதுக்குத்தான் அடுத்தது.

எல்லாம் சரி, ஆனா கார் இன்னும் துள்ளுது

இப்பதான் பாட்டில்.

வெயிட் நம்பர நம்பி பிராண்டு மாத்தாதீங்க. அசோசியேட்டட் 30 வெயிட்னா 350 சென்டிஸ்டோக்ஸ் (ஆயில் எவ்வளவு கெட்டின்னு அளக்கற அலகு), 35 வெயிட் 425, 40 வெயிட் 500. இன்னொரு கம்பெனி 30 வெயிட்னு போட்டிருக்கறது இதே அளவா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. சென்டிஸ்டோக்ஸ் நம்பர மட்டும் வச்சு ஒப்பிடுங்க. கெமிக்கல் கடையில கிடைக்கற சுத்தமான 350 சென்டிஸ்டோக்ஸ் சிலிக்கான் ஆயிலும் இதே சரக்குதான், ஹாபி கடை பாட்டில் கிடைக்காத ஊர்ல தாராளமா அத போடலாம், ஸ்ப்ரேயா வர்ற சிலிக்கான் லூப்ரிகன்ட் மட்டும் வேணாம். டிஃப் (டிஃபரென்ஷியல் கியர்) ஆயிலும் சிலிக்கான்தான், ஆனா அது ஆயிரக்கணக்குல இருந்து லட்சம் வரைக்கும் போகும், பாட்டில மாத்தி எடுத்துடாதீங்க.

நடு அளவு வேணும்னா ரெண்ட கலக்கலாம். ஆனா 200-ம் 500-ம் சமமா கலந்தா 350 வராது, ஏறக்குறைய 316 பக்கம்தான் நிக்கும், தண்ணியான பக்கம் எப்பவும் கொஞ்சம் அதிகமா இழுக்கும்.

பாட்டில்ல போட்டிருக்கற நம்பர் 25 டிகிரில அளந்தது. 40 டிகிரிக்கு போனா சிலிக்கான் ஆயில் சுமார் கால்வாசி இளகிடும். சென்னைல மே மாச மத்தியானம் நீங்க ஊத்துன 500, ட்ராக்ல 375 பக்கம்தான் வேலை செய்யும். குளிர் ஊர்ல ஓட்றவங்களோட செட்டப் ஷீட்ட (எந்த ஆயில், எந்த ஸ்பிரிங்னு எழுதின தாள்) நம்ம ஊர்ல அப்படியே காப்பி அடிச்சுட்டு "இவ்வளவு சாஃப்ட்டா இருக்கே"ன்னு சொல்றதுக்கு பாதி காரணம் இதுதான். வெயில் காலத்துக்கு ஒரு படி மேல ஏத்துங்க, டிசம்பர்ல இறக்கிக்கங்க.

ஆயில் ஒரு பாதிதான், மீதி பிஸ்டன் ஓட்டை. 1.6 மிமீ ஓட்டை ரெண்டு இருந்தா மொத்த வழி சுமார் 4 சதுர மிமீ, 1.4 மிமீ ஓட்டை மூணுன்னா 4.6. பாக்க சின்ன ஓட்டையா இருக்கற மூணு ஓட்டை பிஸ்டன்லதான் மொத்த வழி அதிகம், இத கணக்கு போட்டு பாக்காம கண்ணால பாத்தா ஏமாந்துடுவீங்க. வேகமா அடி விழும்போது, அதாவது ஜம்ப்ல இருந்து இறங்கும்போதோ வரிசையா குழி வரும்போதோ, ஆயில் அந்த வழில போக நேரம் பத்தாம ஷாக் திடீர்னு இறுகும், இததான் பேக்னு சொல்றாங்க. ஜம்ப் இறங்கும்போது சேசிஸ் தரையில படார்னு அடிக்குதுன்னா பேக் பத்தல, வழி குறைவான பிஸ்டன் போடுங்க. குழி குழியா இருக்கற இடத்துல டயர் தரையிலயே ஒட்டாம தாவித் தாவி போகுதுன்னா பேக் அதிகம், வழி பெருசான பிஸ்டன் போட்டு ஆயில கொஞ்சம் கெட்டியாக்குங்க. அப்ப மெதுவா சாயறது, வளைவுல படுக்கறது எல்லாம் பழைய மாதிரியே இருக்கும், அடி மட்டும் மெத்துன்னு வாங்கும். தமியா சிவிஏ கிட்ல ஒண்ணு, ரெண்டு, மூணு ஓட்டை போட்ட பிஸ்டன் எல்லாம் சேந்தே வரும், மிச்சத்த தூக்கிப் போடாம வச்சிருந்தீங்கன்னா காசு செலவில்லாம இத பழகிப் பாக்கலாம்.

ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்க. ஆயில், பிஸ்டன், ஸ்பிரிங் மூணையும் சேத்து மாத்திட்டு "இப்ப நல்லா இருக்கு"ன்னா எது சரி பண்ணுச்சுன்னு யாருக்கும் தெரியாது.

கார் ஒரு பக்கம் சாஞ்சு நிக்குது

முதல்ல ஷாக்க முழுசா இழுத்து மேல் ஓட்டைல இருந்து கீழ் பால் எண்ட் வரைக்கும் வெர்னியர்ல அளங்க, இடதும் வலதும் 0.1 மிமீக்குள்ள இருக்கணும். வித்தியாசம் இருந்தா ராட் எண்ட்ட முறுக்கி சரி பண்ணுங்க. அப்புறம் ஸ்பிரிங் காலர் (ஸ்பிரிங் மேல உக்கார்ற வளையம்) ரெண்டும் ஒரே உயரமான்னு பாருங்க. அதுவும் சரின்னா ஷாக் மேல பழி இல்ல, பேட்டரி ஒரு பக்கம் தள்ளி இருக்கும், இல்ல சேசிஸ் முறுக்கிக்கிட்டு இருக்கும்.

ஆயில் சாம்பல் கலர் ஆயிடுச்சு

பாடியும் பிஸ்டனும் தேயற தூள், வெளிய இருந்து வந்த மண், ரெண்டும்தான். புது அலுமினிய ஷாக்ல முதல் தடவ சீக்கிரமே கருக்கும், மாத்திட்டு ஓட்டுங்க. அதுக்கப்புறமும் சீக்கிரம் சீக்கிரமா கருத்தா பிஸ்டன் எங்கயோ சுரண்டுது, மேல சொன்ன உரசல் டெஸ்ட் போடுங்க. கழுவறதுக்கு ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போதும், ப்ரேக் க்ளீனர பிளாஸ்டிக் மேலயும் ஓ-ரிங் மேலயும் அடிக்காதீங்க.

டயர் க்ளூ பிடிக்கல, பாடி பெயிண்ட்ல வட்ட வட்டமா குழி விழுது

ஷாக்குக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு தோணும். சிலிக்கான் ஆயில் ஒரு துளி பட்ட இடத்துல பெயிண்டும் ஒட்டாது, க்ளூவும் ஒட்டாது, லேசுல போகவும் போகாது. ஷாக் அடைச்ச கையோட டயர் ஒட்ட உக்காந்தீங்கன்னா ரிம்ல விரல் பட்ட இடமெல்லாம் பிச்சுக்கும். ஷாக் வேலைக்கு தனி துணி, தனி தட்டு வைங்க, சோப்பு போட்டு ரெண்டு தடவ கை கழுவுங்க, டயரும் பெயிண்டும் அடுத்த நாள் வச்சுக்கங்க. தரையில சிந்தினத உடனே துடைங்க, மொசைக் தரைன்னா வீட்ல யாராவது வழுக்கி விழறதுக்கு முன்னாடியே.